நெருஞ்சிப்பேட்டைப் பரிசலும் டீக்காசுக் கணக்கும்

பெருந்துறையில் எனக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, அன்றைக்கு முழுக்கத் தூண்டில்தான். இத்தனை வருசமும் கரையில் உட்கார்ந்து ஜிலேபி மீன் பிடித்தே ஓடிவிட்டது. போன மாதம் ஹூஸ்டனிலிருந்து மச்சினன் லீவில் வந்தான். வந்த மூன்றாம் நாளே, "மாமா, ஆத்துக்குள்ள எறங்கிப் பிடிக்க ஆள் கெடைக்குமா?" என்று ஆரம்பித்துவிட்டான். அப்படித்தான் இந்தப் பரிசல் சவாரி அமைந்தது. அதற்கப்புறம் நான் தனியாக ஒரு தடவை போய்வந்தேன். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

இடம், பவானியிலிருந்து மேட்டூர் ரோட்டில் அம்மாபேட்டை தாண்டி வரும் நெருஞ்சிப்பேட்டை. எதிர்க்கரை சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டி. கரண்டு எடுப்பதற்காகக் காவிரியை மறித்துக் கதவணை கட்டியிருப்பதால் தண்ணீர் ஏரி மாதிரி தேங்கி நிற்கும். அக்கரைக்கும் இக்கரைக்கும் விசைப்படகில் ஆட்களோடு பைக்கும் ஏறிப் போகும். அந்தப் படகுத் துறையைப் பார்த்தவர்கள் நிறைய இருப்பீர்கள். நான் சொல்லும் பரிசல் அங்கே இல்லை, கொஞ்சம் தள்ளிப் போக வேண்டும். டீக்கடையில் கேட்டால் நம்பர் கிடைக்கும்.

போனை எடுப்பவர் பரிசல்களுக்குச் சொந்தக்காரர். மூன்று பரிசல் வைத்திருக்கிறார். இரண்டு பேருக்கு விடியக்காலம் அஞ்சரையிலிருந்து பதினொரு மணி வரை 1,400 ரூபாய் என்றார். கோதுமை மாவும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த இரை அதில் சேர்த்தி. தூண்டிலும் சாப்பாடும் நம்முடையது. சொன்ன பணத்துக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், வேறொரு அணைப்பக்கம் ஒருத்தர் எங்களை நட்டநடுத் தண்ணீரில் நிறுத்திக்கொண்டு, "பாத்துப் போட்டுக் குடுங்க, இல்லீன்னா இங்கயே நிக்க வேண்டியதுதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பில்தான் சொன்னார், ஆனால் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். அன்றைக்குக் கொடுத்த 500 இன்னும் எனக்கு வயிற்றெரிச்சல்.

இங்கே குறை இல்லாமல் இல்லை. அஞ்சரை என்று சொல்லிவிட்டு முதல் தடவை ஆறேகாலுக்குத்தான் பரிசல் இறங்கியது. மூன்று பேர் போகிற பரிசலில் லைப் ஜாக்கெட் இரண்டுதான். துடுப்புப் போடும் தம்பிக்கு இல்லை. கேட்டால், "எனக்கு எதுக்குங்க, ஆத்துலயே பொறந்தவன்" என்கிறான். நீச்சல் தெரிந்தவனும் தலையில் அடிபட்டால் என்ன செய்வான்? மூணாவது ஜாக்கெட் இல்லாமல் இறங்க மாட்டோம் என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள். இரண்டாம் தடவை தனியாகப் போனபோது தம்பிக்கும் ஒன்று வேண்டும் என்று நான் சொன்னேன், எங்கிருந்தோ வந்தது. பைபர் பரிசல் வேறு, ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்த இடம் சுடும். தம்பி சாக்கை நனைத்துப் போட்டுக் கொடுத்தான். நிழலுக்கு எதுவும் கிடையாது, தொப்பி கட்டாயம்.

இனி அந்தத் தம்பியைப் பற்றி. வயது இருபத்திரண்டு இருக்கும். பேச்சு குறைவு. பரிசலை ஓர் இடத்தில் நிறுத்திக் கல்லை இறக்கிவிட்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பொடிப்பொடியாகக் குமிழி வந்த இடத்தைத் துடுப்பால் காட்டி, "மிருகால் அடி மேயுதுங்க, இரைய அங்க வுடுங்க" என்றான். மிருகால், அடித்தண்ணியில் மேயும் கெண்டை வகை மீன். மச்சினன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த தூண்டில் ரீலைத் தூக்கிப் பந்தாவாக வீசினான். தூண்டில் நரம்பு முழுக்கச் சுருண்டு, குருவிக்கூடு மாதிரி ரீலிலேயே நின்றுவிட்டது. நானாக இருந்தால் அறுத்துப் போட்டிருப்பேன். தம்பி அதை வாங்கி முழங்காலில் வைத்துக்கொண்டான். அரைஞாண் கயிற்றில் தொங்கிய ஊக்கைக் கழற்றினான். ஒவ்வொரு முடிச்சாக ஊக்கால் நெம்பி, பல்லில் ஓர் இழையைக் கவ்விக்கொண்டு, இருபது நிமிசம் தலை நிமிரவில்லை. ஓர் அங்குலம்கூட அறுக்காமல் சுற்றிக் கொடுத்துவிட்டு, "நல்ல நரம்புங்க" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

எட்டரை மணிக்கு அந்த ரீலிலேயே ஒரு மிருகால் ஏறியது. மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும். கால் மணி நேரம் இழுத்து மேலே கொண்டுவந்து, போட்டோ எடுத்துக்கொண்டு, மச்சினன் அதைத் தண்ணீரில் விடப் போனான். அமெரிக்காவில் பழக்கம் அப்படியாம். தம்பியின் கை தானாகவே நீண்டு நின்றுவிட்டது. "உடறதுங்களா?" என்றான். கிலோ 150 ரூபாய்க்குச் சாதாரணமாகப் போகிற மீன். நான், "மாப்ள, இரு. உனக்கு வேண்டாம்னா தம்பிகிட்டக் கேளு" என்றேன். தம்பிக்குச் சந்தோசத்தில் பேச்சு வரவில்லை. வலையில் போட்டுத் தண்ணீருக்குள் கட்டிக்கொண்டான். மீனை விடுவது நல்ல குணம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 500 ரூபாய் மீனை ஒருத்தன் கண்முன்னால் ஆற்றில் விட்டுவிட்டு, அப்புறம் அவனுக்கு 200 ரூபாய் இனாம் கொடுத்தால் அவன் என்ன நினைப்பான்?

கரைக்கு வந்ததும் வந்தது கணக்கு. மச்சினன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்: அங்கே மீன்பிடிக்கக் கூட்டிப்போகும் கைடுக்குக் கட்டணத்துக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் கொடுப்பது வழக்கமாம். கடலுக்குப் போகும் படகு என்றால், இரை மாட்டி, மீனைக் கழற்றி, கடைசியில் அறுத்துச் சுத்தம் செய்து தரும் உதவியாளுக்கு அந்தப் பணம்தான் பெரிய வருமானமாம். சரி, நல்ல வழக்கம். கரையில் சொந்தக்காரர் நின்றிருந்தார். மச்சினன் 1,400-க்கு 20 சதவீதம் 280, ரவுண்டாக 300 என்று மனசுக்குள் போட்டு, போனை நீட்டி 1,700-ஐ மொத்தமாக அவருக்கே அனுப்பிவிட்டான். அவரும், "ரொம்ப சந்தோசங்க" என்று கும்பிட்டார்.

தம்பி அந்த நேரம் பரிசலை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தான். போனில் பணம் வந்த சத்தம் கேட்டது. ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அப்புறம் குனிந்து மறுபடியும் இழுக்க ஆரம்பித்தான்.

அந்தப் பார்வை எனக்குப் புதிது இல்லை. என் கடைப் பையன்கள் தோட்டத்தில் போர் மோட்டாரைத் தூக்கி ஏற்றிவிட்டு, சேறும் கிரீசுமாக நிற்பார்கள். தோட்டத்துக்காரக் கவுண்டர் பில்லோடு சேர்த்து, "பசங்க டீச் செலவுக்கும் இதுலயே இருக்குதுங்க" என்று என் கையில் கொடுப்பார். நான் அதைப் பாக்கெட்டில் வைக்கும்போது பையன்கள் இதே மாதிரிதான் பார்ப்பார்கள். வண்டியில் ஏறியதும் பிரித்துக் கொடுத்துவிடுவேன், அது வேறு விசயம். ஆனால் ஏறும் வரைக்கும் அவர்களுக்கு அது தெரியாது அல்லவா? ஒரு காலத்தில் நானும் ஹெல்பராக நின்றவன்தான். என் முதலாளி எல்லா நாளும் பிரித்துக் கொடுத்தார் என்று சொல்ல மாட்டேன்.

கால் கழுவுகிற சாக்கில் கீழே இறங்கிப் போனேன். 200 ரூபாயை மடித்து, "டீ சாப்புடுங்க தம்பி" என்று நீட்டினேன். அவன் முதலில் சொந்தக்காரர் நின்ற மேட்டைப் பார்த்தான். "வேண்டாங்க, அதான் மீனு குடுத்துட்டீங்களே" என்றான். இரண்டாம் தடவை சொன்னதும் வாங்கிக்கொண்டான். சட்டைப் பை நனைந்திருந்ததால் போனின் உறையைக் கழற்றி, பின்பக்கம் நோட்டை வைத்து, மறுபடி மூடினான். அங்கே ஏற்கெனவே ஒரு பத்து ரூபாய் நோட்டும் ஒரு சாமி படமும் இருந்தன.

இரண்டாம் தடவை போனபோது கொஞ்சம் பேசினான். ஒரு நடைக்கு அவனுக்கு 400 கூலியாம். அன்றைக்கு அந்த 300-இல் ஏதாவது வந்ததா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சொந்தக்காரர் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. பரிசல் அவருடையது, பழுது பார்ப்பதும் அவர்தான், போனில் மரியாதையாகப் பேசுகிறார். இனாம் அவருக்கு வேண்டியதில்லை, அவருக்கு நேரத்துக்குக் கட்டணம் வந்தால் போதும். தண்ணீரில் நம்மோடு இருந்தவன் கையில், சில்லறையாக, நோட்டாக, தனியாகக் கொடுங்கள். அவனிடம் கியூஆர் அட்டை கேட்காதீர்கள், நாலு பேர் பார்க்கத் தூக்கியும் காட்டாதீர்கள். "டிப்ஸ்" என்று சொல்லிக் கொடுத்தால் நம்ம பக்கத்துப் பையன்கள் கூச்சப்பட்டுத் தள்ளிவிடுவார்கள். டீக்குன்னோ, வீட்டுல கொழந்தைக்குன்னோ சொன்னால் வாங்கிக்கொள்வார்கள்.

எவ்வளவு என்பதற்குச் சதவீதக் கணக்கு இங்கே சரிப்படாது. நான் பார்ப்பது, அன்றைக்கு அவனுக்கு என்ன கூலியோ அதில் பாதி. சொந்தப் பரிசலை அவனே ஓட்டினால் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் தப்பில்லை. மீன் எடையைப் பார்த்துக் கொடுப்பவர்களை எனக்குப் பிடிக்காது. இரண்டாம் தடவை எனக்கு இரண்டு கெளுத்தியும் ஓர் ஆரலும்தான் சிக்கின, சட்டிக்குக் காணாது. அன்றைக்கு அவன் நாலு இடம் மாற்றினான், ஒவ்வொரு தடவையும் கல்லைத் தூக்கி, எதிர்த்தண்ணியில் துடுப்புப் போட்டான். முதல் நாளைவிட அன்றைக்குத்தான் வேலை எச்சு. அதே 200-ஐத்தான் கொடுத்தேன்.

சிலர் காசுக்குப் பதிலாகக் குவாட்டரை நீட்டுவார்களாம். தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தண்ணீரில் வேலை செய்கிறவனுக்கு, அதுவும் ஜாக்கெட் போடாதவனுக்கு, அதைக் கொடுக்க எப்படி மனசு வருகிறதோ.

சாப்பாடு கொண்டு போனால் மூன்றாவது பொட்டலம் சேர்த்துக் கட்டுங்கள். முதல் நாள் என் வீட்டுக்காரி புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் மூன்று பொட்டலமாகவே கட்டியிருந்தாள். அவள் பரிசல் கண்ணில்கூடப் பார்த்தவள் இல்லை.

மேட்டூரில் வெள்ளத் தண்ணீர் திறந்தால் பரிசல் இறக்க விட மாட்டார்கள், அதனால் முதல் நாள் ராத்திரியே போன் செய்து கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பெண்கள் வந்தால் கழிப்பிட வசதி அங்கே ஒன்றும் இல்லை, வழியில் பெட்ரோல் பங்கில் பார்த்துக்கொள்வது நல்லது.

மச்சினன் ஊருக்குக் கிளம்பும்போது அந்த ரீலில் மிச்சமிருந்த நரம்பை ஒரு அட்டையில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். இரண்டாம் தடவை அதைத் தம்பியிடம் கொடுத்தேன். 200 ரூபாய்க்கு மேட்டைப் பார்த்தவன் இதற்கு மேட்டையும் பார்க்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை வரும்போது ஈரோட்டில் ஈயக்குண்டு கிடைத்தால் சின்னதாகப் பார்த்து வாங்கிவரச் சொல்லியிருக்கிறான், காசு கொடுத்துவிடுவானாம்.