படகு ஸ்டீரியோ வயரிங்: கார் ஆடியோ கிட்டா, மரைன் கேபிளா?

1000 வாட் ஆம்ப்ளிஃபயர் முழு வீச்சில் ஓடினால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 100 ஆம்பியர் இழுக்கும். மலிவான கார் ஆடியோ கிட்டுகள் பலவற்றில் இருப்பது செம்பு மேல்பூச்சு போட்ட அலுமினியக் கம்பி. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் சுமார் 60 சதவீதம்தான்; அதே தடிமனில் வோல்டேஜ் அதிகம் விழும், கம்பியும் சூடாகும். அதைவிட மோசம் உப்புக்காற்று. வெட்டிய முனையில் அலுமினியம் வெளியே தெரியும்; அங்கே வெள்ளைப் பொடி பூத்து, பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஆம்ப் அணையத் தொடங்கும்.

மரைன் கேபிளில் ஒவ்வொரு செம்பு இழைக்கும் வெள்ளீயப் பூச்சு உண்டு. உரித்துப் பார்த்தால் வெள்ளி நிறத்தில் மின்னும். விலை கூடுதல்தான், ஆனாலும் கடலில் ஓடும் படகுக்கு என் ஓட்டு இதற்கே. அப்புறம், எந்தக் கேபிளானாலும் பேட்டரி பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போடுங்கள்.