சூடானால் ஸ்டார்ட் ஆகாத பைக்: டேப்பெட்டும் பிக்கப் காயிலும் தந்த அனுபவம்

என்னிடம் இருப்பது 2012ஆம் ஆண்டு மாடல் 150 சிசி வண்டி. காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர், சிடிஐ இக்னிஷன் (பிளக்கில் பொறி விழும் நேரத்தை ஒரு மின்னணுப் பெட்டி கவனிக்கும் முறை) கொண்டது. செல்ஃப், கிக்கர் இரண்டும் உண்டு. வாங்கிய நாள் முதல் ஒரே கையில் இருக்கும் வண்டி என்பதால் அதன் சுபாவம் எனக்கு நன்றாகத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் அதற்கு வந்த கோளாறு, அதைக் கண்டறியப் பட்ட பாடு, சரிசெய்த பிறகு இன்று வரை வண்டி ஓடும் விதம் ஆகியவற்றை, இதே தொல்லையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

கோளாறின் வடிவம் இதுதான். காலையில் முதல் கிக்கிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் வழியில் போளூர் வரை ஒரே ஓட்டமாக ஓட்டி, வண்டியை அணைத்த உடனே மீண்டும் அடித்தால் அப்போதும் ஸ்டார்ட் ஆகும். ஆனால் டீ குடித்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து வந்து அடித்தால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. முக்கால் மணி நேரம் நிழலில் நிறுத்திவைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிவிடும்.

அணைத்த உடனே ஸ்டார்ட் ஆவதும், சற்று நேரம் கழித்து மட்டும் மறுப்பதும் முதலில் குழப்பமாகத் தோன்றும். ஓடும்போது இன்ஜினைக் குளிர்விப்பது எதிர்க்காற்று. வண்டி நின்றதும் அந்தக் காற்று நின்றுவிடுகிறது. சிலிண்டர் ஹெட்டில் தேங்கியிருக்கும் சூடு போக இடமில்லாமல் கார்புரேட்டர், கவருக்குள் இருக்கும் காயில்கள் என்று பக்கத்துப் பாகங்களுக்குப் பரவுகிறது. ஆகவே அந்தப் பாகங்கள் மிக அதிகமாகச் சூடாவது வண்டி ஓடும்போது அல்ல, நின்று பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான். சூட்டுக் கோளாறு உள்ளவர்கள், வண்டி எத்தனை நிமிட இடைவெளியில் மறுக்கிறது என்பதை முதலில் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். மெக்கானிக்கிடம் சொல்வதற்கு அதைவிட உபயோகமான தகவல் வேறில்லை.

நடைமுறையில் அந்தத் தகவலைக் கேட்பவர்கள் குறைவு. வண்டியை மாலையில் விட்டு வந்தால், மறுநாள் காலை ஆறிய இன்ஜினை ஒரு கிக் அடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். சர்வீஸ் நிலையம் ஒன்றில் எந்தச் சோதனையும் செய்யாமல் சிடிஐ பெட்டியை மாற்றினார்கள். வேறொரு கடையில் பிளக்கையும் பேட்டரியையும் மாற்றச் சொன்னார்கள். செல்ஃப் மோட்டார் சூட்டிலும் சுறுசுறுப்பாகச் சுற்றிக்கொண்டிருந்ததால் பேட்டரியை நான் மாற்றவில்லை. சூட்டில் வரும் கோளாற்றைச் சூட்டில்தான் சோதிக்க வேண்டும். அதற்கான கருவிகள் வண்டியுடனே இருக்க வேண்டும். எனவே ஒரு பிளக் ஸ்பேனர், சோதித்துப் பார்த்த உபரி பிளக் ஒன்று, சிறிய மல்டிமீட்டர், துணி, ஒரு பாட்டில் தண்ணீர் ஆகியவற்றைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டத் தொடங்கினேன்.

முதல் சந்தேகம் எல்லோருக்கும் போல எனக்கும் கார்புரேட்டர் மீதுதான். பெட்ரோலின் இலேசான பகுதிகள் 35, 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். வேலூரில் மே மாதத்துக் காற்றே சில நாட்களில் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணம் சூடேறினால் பெட்ரோல் குமிழிட்டு, ஜெட் என்ற சிறு துளை வழியாக இன்லெட் பாதைக்குள் தானாகக் கசியும். அந்த நிலையில் கலவை மிதமிஞ்சிய ரிச் (பெட்ரோல் மிகுந்தது) ஆகிவிடும். இதைக் கண்டறிய எளிய வழி, சோக் போடாமல் ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து பிடித்துக்கொண்டு கிக் அடிப்பது. அப்படி அடித்து, கரும்புகையோடு இரண்டு தும்மல் தும்மிவிட்டு ஸ்டார்ட் ஆனால் பெட்ரோல் அதிகமாகிவிட்டது என்று பொருள். மாறாக, சூடான வண்டி பாதி சோக்கில் ஸ்டார்ட் ஆனால் பெட்ரோல் போதவில்லை: ஜெட் அடைப்பு, இன்டேக் ரப்பரில் விரிசல், டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். டேங்க் மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் கடைசியாகச் சொன்னதுதான் காரணம்.

என் வண்டியில் முழு ஆக்சிலேட்டர் முறை சில நேரம் பலித்தது, பல நேரம் பலிக்கவில்லை. கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் நீடிலின் கூர்முனையில் தேய்ந்த வளையம் ஒன்று கண்ணுக்கே தெரிந்தது. அதை மாற்றி, ஃப்ளோட் உயரத்தையும் கையேட்டின் அளவுக்குக் கொண்டுவந்த பின் வண்டி நிற்கும்போது வந்த பெட்ரோல் வாசனை போய்விட்டது. கோளாறு மட்டும் போகவில்லை.

அடுத்து டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் ராக்கர் என்ற கைக்கும் இடையில் இருக்க வேண்டிய இடைவெளி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் பரவலான ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. டேப்பெட் சத்தம் வந்தால்தான் செட்டிங் தேவை, சத்தமில்லாத இன்ஜின் ஆரோக்கியமான இன்ஜின் என்று பலரும் நினைக்கிறார்கள். இடைவெளி கூடினால் சத்தம் வரும் என்பது உண்மை. ஆனால் வால்வும் அது உட்காரும் சீட்டும் தேயத் தேய, வால்வின் தண்டு ஹெட்டுக்குள் மேலேறி, ராக்கருக்கும் அதற்கும் இடையில் உள்ள இடைவெளி குறையும். அப்போது சத்தம் அடங்கிக்கொண்டே வரும். எக்ஸாஸ்ட் வால்வ்தான் அதிகம் சூடாவது. ஆறிய நிலையிலேயே இடைவெளி இல்லாத எக்ஸாஸ்ட் வால்வ், சூட்டில் நீண்டதும் முழுமையாக மூடாமல் நூலளவு திறந்தே நிற்கும். கிக்கர் சுற்றும் மெதுவான வேகத்தில் அந்த இடுக்கு வழியாகவே கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுந்தும் அழுத்தம்) போய்விடும். சூடான வண்டியில் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பார்த்தால் இது புரியும்: காலையில் எதிர்த்து நின்ற கிக்கர், சூட்டில் இலேசாகக் கீழே இறங்கும்.

இரவு முழுவதும் ஆறிய இன்ஜினில், பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் ஃப்ளைவீலின் டி குறியைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் நேராக நிறுத்தி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தேன். என் வண்டிக்கு எக்ஸாஸ்ட் இடைவெளி 0.10 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 0.05 தகடுகூட நுழையவில்லை. சரியான அளவுக்கு வைத்த பிறகு சூட்டில் ஸ்லோ (ஆக்சிலேட்டர் திருகாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) சீராக நின்றது, சிக்னலில் நின்று அணையும் பழக்கம் போயிற்று, கிக்கரில் எதிர்ப்பு திரும்பி வந்தது. மழைக்காலமும் குளிர்காலமும் எந்தத் தொல்லையும் இல்லாமல் கழிந்தன.

அடுத்த கோடையில் பதினைந்து நிமிடக் கோளாறு மட்டும் மீண்டும் வந்தது. இந்த முறை வேறுபாடு தெளிவாக இருந்தது: கம்ப்ரஷன் கையில் தெரிந்தது, பிளக்கைக் கழற்றினால் முனை பெட்ரோலில் நனைந்திருந்தது, ஆனால் தும்மல்கூட இல்லை. கண்ணமங்கலம் அருகே ஒரு புளியமர நிழலில் வண்டி மறுத்தபோது, பழைய பிளக்கை அதன் துளையிலேயே விட்டுவிட்டு, உபரி பிளக்கை கேப்பில் செருகி, அதன் உலோகப் பகுதியை இன்ஜினில் அழுந்தத் தொடவைத்துக் கிக் அடித்தேன். பொறி அறவே இல்லை. மெக்கானிக்குகள் சொல்வதுபோல் கரண்ட் வரவில்லை. இந்தச் சோதனையைச் செய்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பிளக் துளையைத் திறந்து வைத்துக்கொண்டோ, பெட்ரோல் கசியும் இடத்துக்கு அருகிலோ செய்யக் கூடாது. பிளக் இன்ஜினைத் தொடாமல் அந்தரத்தில் இருக்கும்போதும் கிக் அடிக்கக் கூடாது. காயிலும் சிடிஐயும் கெட வாய்ப்புண்டு.

கரண்ட் இல்லை என்றால் சந்தேகத்துக்குரியவை மூன்று: பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் ஹெச்டி காயில், சிடிஐ, பொறி விழ வேண்டிய நேரத்தை மேக்னெட் கவருக்குள் இருந்து சிடிஐக்குத் தெரிவிக்கும் பிக்கப் காயில். ஹெச்டி காயில் மேல் ஈரத்துணி போட்டுப் பார்த்தேன், பயனில்லை. சிடிஐ ஏற்கெனவே புதியது. பிக்கப் காயிலின் வயரை இணைப்பிலிருந்து பிரித்து மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தபோது, திரையின் இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் நின்றது. இந்த மலிவு மீட்டர்களில் அதற்குப் பொருள், சுற்று எங்கோ அறுந்திருக்கிறது என்பது. இடது பக்கமுள்ள அந்த மேக்னெட் கவரின் மேல் ஈரத்துணியைப் போர்த்தி, அது காயக் காயத் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே இருந்தேன். கொதிக்கும் இன்ஜின் மேல் ஒரேயடியாக ஊற்றுவது நல்லதல்ல. சற்று நேரத்தில் அந்த 1 மறைந்து, நூறுகளில் ஓர் எண் தோன்றிக் கீழிறங்கத் தொடங்கியது. வயரை மாட்டிக் கிக் அடித்தேன், வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

தாமிரக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். காயில் 25 டிகிரியிலிருந்து 105 டிகிரிக்குப் போனால் தடை முப்பது சதவீதத்துக்கு மேல் கூடுவது இயல்பு. அதை வைத்துக் காயிலைப் பழிக்கக் கூடாது. சுற்று அறுந்துபோவது வேறு. தலைமுடி போன்ற கம்பியில் எங்கோ ஒரு முறிவு ஆறிய நிலையில் தொட்டுக்கொண்டும், சூட்டில் விரிந்ததும் விலகியும் நிற்கிறது. அதனால் காலையில் மீட்டர் வைத்திருந்தால் எண் சரியாகவே காட்டியிருக்கும். சில மாடல்களில் பிக்கப் காயில் தனியாகக் கிடைக்கும், சிலவற்றில் மின்சாரம் உண்டாக்கும் காயில்கள் உள்ள ஸ்டேட்டர் தட்டோடு சேர்த்துத்தான் விற்பார்கள்; எனக்குத் தனியாகவே கிடைத்தது. கவர் கேஸ்கெட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது, பழையது பெரும்பாலும் கிழிந்துதான் வரும்.

பிக்கப் காயில் மாற்றிய பின் சில கோடைகள் கடந்துவிட்டன. அந்தக் கோளாறு திரும்பவில்லை. மைலேஜிலோ இழுவையிலோ இதனால் எந்த மாற்றமும் இல்லை, எதிர்பார்க்கவும் கூடாது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, கடும் வெயிலில் நிறுத்தி எடுக்கும்போது ஒரு கிக்குக்குப் பதில் இரண்டு மூன்று தேவைப்படுவது மட்டும் உண்டு. எத்தனால் தனியாக 78 டிகிரியில்தான் கொதிக்கும் என்றாலும், பெட்ரோலோடு குறைந்த அளவில் கலக்கும்போது கலவையின் ஆவியாகும் தன்மையைக் கூட்டிவிடுகிறது. நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடுவதும், எடுக்கும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து அடிப்பதும் இதற்குப் போதுமானவையாக இருக்கின்றன. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 வண்டிகளில் பெரும்பாலானவை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் என்பதால் இந்தக் கார்புரேட்டர் தொல்லை அவற்றுக்கு இல்லை. ஆனால் அவற்றிலும் பிக்கப் காயிலின் வேலையைச் செய்யும் கிராங்க் சென்சார் ஒன்று உண்டு, அதுவும் சூட்டில் இதேபோல் ஏமாற்றக்கூடியதுதான்.

டேப்பெட்டை ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் பார்த்துவிடுகிறேன். எக்ஸாஸ்ட் பக்கம் ஒவ்வொரு முறையும் சிறிது இறுகியே இருக்கிறது, அதாவது வால்வ் சீட் தேய்ந்துகொண்டிருக்கிறது. இடைவெளியைச் சரிசெய்யும் திருகில் இன்னும் இடமிருக்கிறது. அது தீரும் வரை செட்டிங்கிலேயே ஓட்டி, பிறகு ஹெட்டை இறக்கி வால்வையும் சீட்டையும் ஒன்றாகச் செய்துவிடலாம் என்றிருக்கிறேன்.