கச்சான் காலத்தில் ஒரு ரேடியோ: செட்டைச் சூடேறாமல் வைத்திருந்த ஐந்து வருட அனுபவம்

என் ரேடியோ இருக்கும் அறைக்கு மேல் அஸ்பெஸ்டஸ் சீற். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த அறையின் வெப்பமானி 36 பாகை காட்டும். கடலோரமாக இருப்பவர்களுக்குப் பின்னேரத்தில் கொஞ்சம் குளிர்காற்று கிடைக்கும். எங்கள் ஒழுங்கைக்குள் வருவது தரைப்பக்கமிருந்து வீசும் அந்த உலர்ந்த சூட்டுக்காற்று மட்டும்தான். இந்த அறையில் ஒரு 100 வாட் எச்எஃப் (சிற்றலை) அமெச்சூர் ரேடியோ செட்டை வைத்து, இலங்கைக்குரிய 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு ஐந்து வருடமாகக் கதைத்து வருகிறேன். எதைச் செய்து பார்த்தேன், எது நின்று பிடித்தது, எதைக் கழற்றி வைத்தேன் என்று திருகோணமலையில் புதிதாக லைசன்ஸ் எடுத்த இரண்டு தம்பிமார் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். செட்டின் பெயர் இங்கே முக்கியமில்லை. சின்னப் பெட்டிக்குள் 100 வாட் தரும் எந்தச் செட்டுக்கும் இது பொருந்தும்.

முதலில் கணக்கு. முழுச் சக்தியில் அனுப்பும்போது செட் 13.8 வோல்ட்டில் ஏறத்தாழ 20 அம்பியர் இழுக்கிறது. பெருக்கினால் 276 வாட். அதில் 100 வாட் அன்டெனாவுக்குப் போகிறது. மிச்சம் 176 வாட் அந்தப் பெட்டிக்குள்ளேயே வெப்பமாக நிற்கிறது. பழைய 60 வாட் குண்டு பல்ப் மூன்றை ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் எரிய விட்டால் எப்படி இருக்கும்? அதே நிலைமைதான்.

குரலில் கதைக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. எஸ்எஸ்பி என்ற குரல் முறையில் நாம் வாய் மூடும் ஒவ்வொரு நொடியும் செட்டுக்கு ஓய்வு. ஆனால் 2017இல் எஃப்டி8 என்ற, கொம்பியூட்டர் மூலம் குறுஞ்செய்தி அனுப்பும் முறை வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. 15 நொடிக்கு ஒரு முறை என்று சுற்று வைத்து, அதில் 12 நொடிக்கு மேல் இடைவெளி இல்லாமல் முழுச் சக்தியில் அனுப்புகிறோம், அடுத்த சுற்றில் கேட்கிறோம், பிறகு திரும்பவும் அனுப்புகிறோம். என்னைப் போலச் சின்ன அன்டெனா வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய வரம். செட்டுக்கு அது முழுநாள் கூலி வேலை.

முதல் வருடம் நான் செட்டைக் கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரித் தட்டில் வைத்திருந்தேன். தூசி, உப்புக்காற்று இரண்டும் படக்கூடாது என்ற எண்ணம். ஒரு சனிக்கிழமை 20 மீட்டர் அலைவரிசையில், 14.074 மெகாஹெர்ட்ஸில், அரை மணித்தியாலம் எஃப்டி8 ஓட்டியபோது சக்தி தானாகவே 100இலிருந்து 60க்கு இறங்கியது. கதவைத் திறந்தால் முகத்தில் அடுப்பு வெக்கை. செட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சக்தியைக் குறைத்திருக்கிறது, அதனால் உடனே ஒன்றும் எரியவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்கள் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஆயுளில் ஏறத்தாழப் பாதியை இழக்கும் என்பது மின்னணுக்காரர்களின் பழைய கணக்கு. அன்றைக்கே செட்டை மேசைக்கு மாற்றினேன். பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண், மேலே ஒன்றும் அடுக்குவதில்லை, பவர் சப்ளை தனியாகத் தள்ளி. காசு செலவில்லாத இந்த மாற்றம் தந்த பலனைப் பிறகு வாங்கிய எதுவும் தரவில்லை.

அப்புறம் ஃபான். பழைய கொம்பியூட்டரிலிருந்து கழற்றிய 120 மில்லிமீட்டர், 12 வோல்ட் ஃபான் ஒன்றைச் செட்டின் பின்னால் நிறுத்தினேன். சூடு குறையும் என்று பார்த்தால் கூடியது. மட்டக்களப்பில் இருக்கும் எங்கள் பொழுதுபோக்கின் மூத்த அண்ணா ஒருவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது, ஒரு துண்டு கடதாசியைச் செட்டின் பின்பக்கம் பிடித்துக் காட்டினார். கடதாசி வெளியே பறந்தது. “தம்பி, செட் வெளிய தள்ளுற காத்தை நீங்க திரும்பவும் உள்ள தள்ளுறீங்க. ஃபானைத் திருப்பிப் போடுங்க” என்றார். திருப்பிப் போட்டேன். அரை மணித்தியால எஃப்டி8க்குப் பிறகு ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகச் செதில்கள்) 60 பாகைக்கு மேல் போனது நின்று, 48இல் அடங்கியது. நீங்களும் ஃபான் வைக்கும் முன் அந்தக் கடதாசியைப் பிடித்துப் பாருங்கள். செட்டுக்குச் செட் காற்றின் திசை மாறும்.

சூட்டை அளப்பது பற்றியும் சொல்ல வேண்டும். நெற்றியில் காட்டுவது போலத் தூரத்தில் பிடித்து அளக்கும் அகச்சிவப்புக் கருவியை மினுங்கும் அலுமினியத்தில் காட்டினால் குறைத்துக் காட்டும். ஹீட்சிங்கில் ஒரு சின்னக் கறுப்பு இன்சுலேஷன் ரேப் ஒட்டி, அதன் மேல் அளந்தால்தான் சரி. ஐகாம் ஐசி-7300 போன்ற சில செட்களில் மீற்றரை மாற்றினால் உள்வெப்பமே திரையில் தெரியும். அந்த வசதி இருந்தால் இந்த வேலை தேவையில்லை.

12 வோல்ட்டில் அந்த ஃபான் போடும் சத்தத்தில் மெல்லிய சிக்னல் கேட்காது. 47 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டேன். ஃபானுக்கு ஏறத்தாழ 7 வோல்ட் கிடைக்கிறது, சத்தம் அடங்கிவிட்டது, காற்றும் போதும். வோல்ட் குறைக்கும் சின்ன கன்வேர்ட்டர் போர்டைத்தான் முதலில் போட்டுப் பார்த்தேன். அது 40 மீட்டர் முழுக்க இரைச்சலைக் கொட்டியது. ஃபானின் வயரை ஒரு ஃபெரைட் வளையத்தில் எட்டுச் சுற்றுச் சுற்றிய பிறகு மிச்சம் இருந்த சின்ன இரைச்சலும் போனது.

இனி உப்பு. எங்கள் ஊரில் இதைச் சொல்லாமல் குளிரூட்டலைப் பற்றி எழுத முடியாது. இரண்டாவது வருட முடிவில் மூடியைத் திறந்தபோது ஹீட்சிங்க் செதில்களில் வெள்ளைப் பூ, இரண்டு திருகாணிகளில் துரு. நான் வைத்த ஃபான் நாள் முழுக்க ஓடி, கடலையே செட்டுக்குள் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. குளிர வைக்கத் தள்ளும் காற்றே மெல்ல மெல்லச் செட்டைத் தின்னும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அதற்குப் பிறகு ஃபான் நான் அனுப்பும் நேரத்தில் மட்டும்தான் ஓடும், முடிந்து பத்து நிமிடம் கூடுதலாக. காற்று உள்ளே போகும் பக்கம் கொம்பியூட்டர் பெட்டியில் வரும் தூசி வலை. வேட்டித் துணி கட்டிப் பார்த்தேன், அது காற்றையே நிறுத்திவிட்டது. வேலை முடிந்து செட் ஆறியதும் பருத்தித் துணியால் மூடி வைக்கிறேன். கார்த்திகை, மார்கழியில் வாடையும் மழையும் வரும்போது சூடு பிரச்சினையே இல்லை, ஈரம்தான் பிரச்சினை. அப்போது தினமும் ஒரு மணித்தியாலம் கேட்க மட்டும் செட்டைப் போட்டு விடுகிறேன். அந்த மெல்லிய சூடு உள்ளே ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்கிறது.

இதே உப்பு வேறு வழியாகவும் சூட்டைக் கொண்டு வரும். ஒரு நாள் பவர் வயரின் ஃபியூஸ் உறை கையில் சுட்டது, பிளாஸ்டிக் இளகியிருந்தது. உள்ளே பிடிப்புகளில் பச்சைக் களிம்பு. 0.02 ஓம் தடை வந்தாலே 20 அம்பியரில் அந்த ஒரு புள்ளியில் 8 வாட் வெப்பம். கூடவே 0.4 வோல்ட் செட்டுக்குப் போய்ச் சேராது. அன்டெனா பக்கமும் அப்படித்தான். தென்னையில் கட்டிய இன்வேர்ட்டட் வீ அன்டெனாவின் இணைப்பில் ஈரம் ஏறி, எஸ்டபிள்யுஆர் (அன்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) 1.3இலிருந்து 2.5க்குப் போனது. 2இல் 11 சதவீதம், 3இல் 25 சதவீதம் சக்தி திரும்பி வரும். அந்த நிலையில் அனுப்பினால் கடைசி நிலை டிரான்சிஸ்டர்கள் கூடுதலாகச் சூடேறும். செட் அளவுக்கு மேல் சுடுகிறது என்றால் ஃபான் வாங்கக் கடைக்குப் போக முதல் எஸ்டபிள்யுஆரைப் பாருங்கள்.

சக்தியைக் குறைப்பதைப் பற்றிச் சிலர் கோபப்படுவார்கள். நான் எஃப்டி8இல் 40 வாட்டுக்கு மேல் போவதில்லை. 100இலிருந்து 50க்கு இறங்கினால் எதிர்முனையில் குறைவது 3 டெசிபெல், அதாவது சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீற்றரில் அரை எண். வெப்பமோ கண்ணுக்குத் தெரியும்படி குறைகிறது. 25ஆவது சூரியச் சுழற்சி (சூரியப் புள்ளிகள் கூடிக் குறையும் காலம்) உச்சத்தில் இருந்த 2024இல் 10 மீட்டர் பின்னேரங்களில் ஐரோப்பாவுக்கு அருமையாகத் திறந்தது. அலைவரிசை திறக்கும் அதே நேரம்தான் என் அறை கொதிக்கும் நேரம். 100 வாட்டில் பத்து நிமிடம் அனுப்பிவிட்டு நிறுத்துவதைவிட, 40 வாட்டில் மூன்று மணித்தியாலம் உட்கார்ந்திருந்தது எனக்கு அதிக நாடுகளைத் தந்தது.

திருகோணமலைக்குச் சிற்றலை புதிதல்ல. ஜெர்மன் வானொலியான டொய்ச்சே வெல்லே இங்கே 250 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர்கள் வைத்திருந்தது, அந்த நிலையம் பிறகு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் வந்தது. சின்ன வயதில் அதைப் பற்றிக் கேட்டுத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. அந்த அளவு டிரான்ஸ்மிட்டர்களில் வால்வை (வெற்றிடக் குழாயை) குளிர வைக்க வெறும் காற்று போதாது, நீர் வேண்டும். நம் 100 வாட்டுக்குக் காற்று போதும் என்பதே பெரிய வசதி.

ஏசி போட்டால் போதுமே என்று கேட்பார்கள். 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் நின்றபோது ஏசியும் இல்லை, கூரை ஃபானும் இல்லை. பற்றரியில் 20 வாட் வைத்து ஓட்டினேன், செட் சூடேறவே இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு தொலைபேசி அறுந்த அம்பாந்தோட்டையிலிருந்து செய்தி வெளியே போக எங்கள் நாட்டு அமெச்சூர் ரேடியோக்காரர்கள் உழைத்தார்கள். அப்படி ஒரு நாள் இங்கே திரும்ப வந்தால் யாரும் குளிர் அறைக்குள் இருந்து கதைக்கப் போவதில்லை. வெறும் புழுக்கத்தில் மணிக்கணக்காகத் தாங்கும் செட்டும், அதன் அளவு தெரிந்த ஆளும்தான் அன்றைக்கு உதவும். அதனால்தான் ஏசி வாங்க வைத்திருந்த காசை நான் வேறு வழியில் செலவழித்தேன்.

அந்தக் காசில் ஒரு சின்னப் பகுதி கூரைக்குப் போனது. சீற்றுக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கம்பு கட்டி, கிடுகு போட்டேன். 36 காட்டிய அறை அதே நேரத்தில் 33 காட்டுகிறது. எந்த ஃபானும் அறையின் சூட்டைவிடக் கீழே செட்டைக் கொண்டு போகாது. அறை மூன்று பாகை இறங்கினால் செட்டும் ஏறத்தாழ அதே அளவு இறங்கும். கிடுகு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், அதுதான் குறை.

முதல் ஃபான் 14 மாதத்தில் கீச்சிட்டு நின்றது, புஷ் வைத்த மலிவு ரகம். இப்போது ஓடுவது குண்டு வைத்த பெயரிங் ரகம், மூன்று வருடமாகச் சத்தமில்லை. அதே அளவில் இன்னொன்று வாங்கி, உறை பிரிக்காமல் மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். சித்திரைப் புத்தாண்டு முடிந்துவிட்டது. வலையைக் கழுவிக் காயப் போட்டிருக்கிறேன், ஃபியூஸ் பிடிப்புகளைத் துடைத்து முடித்துவிட்டேன், கிடுகுக்கு ஆள் வருகிற கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.