உளவளத்துணைக்குக் காசு கட்டுமுன்: மலையகத்தில் உள்ள நான்கு வழிகள்

மனநல உதவி தேடுபவர்கள் முதலில் கேட்பது "ஒரு தடவைக்கு எவ்வளவு?" என்றுதான். அதற்குக் கிடைக்கும் பதிலில் பாதிச் செலவுதான் அடங்கும். பொகவந்தலாவயிலிருந்து கண்டிக்குப் போய்வர பஸ் காசு, அன்றைக்கு விடுபடும் பேர் (வேலைக்குப் போகாததால் இழக்கும் நாட்சம்பளம்), வரமுடியாமல் போனால் திரும்பாத முற்பணம், மொத்தம் எத்தனை தடவை என்ற கணக்கு எல்லாம் சேர்ந்ததே உண்மையான விலை. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு நான்கு வழிகள் உண்டு: அரச வைத்தியசாலையின் மனநலக் கிளினிக், செனல் நிலையத்தில் (காசு கட்டி முன்பதிவு செய்து வைத்தியரைப் பார்க்கும் தனியார் நிலையம்) மனநல வைத்தியர், நகரத்தில் தனியாகப் பார்க்கும் உளவளத்துணையாளர், ஒன்லைனில் பேசும் உளவளத்துணையாளர்.

அரச கிளினிக்

கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை, பதுளை போதனா வைத்தியசாலைகள், நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை ஆகியவற்றில் மனநலப் பிரிவு இருக்கிறது. பல ஆதார வைத்தியசாலைகளில் மனநல வைத்திய அதிகாரி குறிப்பிட்ட நாட்களில் மட்டும் கிளினிக் நடத்துவார். எந்த நாள் என்று வெளிநோயாளர் பிரிவில் கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் வீணாகாது. பரிசோதனையும் மருந்தும் இலவசம். கையிருப்பில் இல்லாத மருந்தை வெளியே வாங்கத் துண்டு எழுதித் தருவார்கள். அதை முதலில் அரச மருந்தகமான ஒசுசலவில் கேட்டுப் பாருங்கள்.

இங்கே கிடைக்காதது நேரம். கூட்டம் நிறைந்த நாளில் ஒருவருக்குச் சில நிமிடங்கள்தான். அடுத்த முறை வேறு வைத்தியர் இருக்கலாம். கதையைத் திரும்ப முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். மொழி இன்னொரு சிக்கல். வைத்தியருக்குத் தமிழ் வராவிட்டால் யாரோ இடையில் நின்று சொல்ல வேண்டும். சிங்களம் தெரியும் என்பதற்காகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிப்போவது பல வீடுகளில் நடக்கிறது. அது வேண்டாம்: பிள்ளை முன்னால் தாயோ தகப்பனோ உண்மையைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அந்தப் பாரம் பிள்ளை தலையில் விழும்.

பேசுவதற்கு மட்டும் ஆள் தேவை என்றால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அங்கே பெரும்பாலும் உளவளத்துணைக்கென உத்தியோகத்தர் இருப்பார், கட்டணம் கிடையாது. தெரிந்த முகங்கள் நடமாடும் இடம் என்பதால் பலர் தயங்குகிறார்கள். மக்கள் நாள் அல்லாத நாளில் நேரம் கேட்டுப் போனால் கூட்டம் குறைவு.

செனல் நிலையம்

அதிகம் ஏமாற்றம் வருவது இங்கேதான். வைத்தியர் தவறு செய்வதால் அல்ல, வருபவர் எதிர்பார்ப்பது வேறொன்று என்பதால். செனல் பண்ணினால் கிடைப்பது பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம்: நோய் என்னவென்று பார்ப்பார், மருந்து எழுதுவார், மாற்றுவார். ஒரு மணிநேரம் மனம்விட்டுப் பேசலாம் என்று காசு கட்டிப் போனவர் "ஒன்றுமே கேட்கவில்லை" என்று கோபத்தோடு திரும்புகிறார். உட்கார்ந்து பேசும் சிகிச்சை வேண்டுமென்றால் அதற்குத் தனி நேரம், தனி ஆள்.

பற்றுச்சீட்டில் வைத்தியர் கட்டணம், நிலையக் கட்டணம் இரண்டும் இருக்கும்; தொலைபேசியிலோ ஒன்லைனிலோ போட்டால் முன்பதிவுக் கட்டணமும் சேரும். வைத்தியர் வராவிட்டால் காசோ வேறு திகதியோ கிடைக்கும். நீங்கள் போகாவிட்டால் பெரும்பாலும் காசு போனதுதான். மாலை ஆறு மணிக்கு என்று எழுதியிருந்தாலும், உங்கள் இலக்கம் பதினான்கு என்றால் கூப்பிடும்போது தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் புறப்பட்டிருக்கும். ஆகவே போடும்போதே சிறிய இலக்கம் கேளுங்கள். அப்படி இல்லையென்றால் அடுத்த வாரத்துக்குத் தள்ளுவது ஆட்டோவுக்குக் கொடுப்பதைவிட மலிவு.

காலையில் அரச வைத்தியசாலையில் இருக்கும் விசேட வைத்தியரே மாலையில் செனல் நிலையத்தில் பார்ப்பது இந்த நாட்டில் வழக்கம். எனவே முதல் தடவை மட்டும் செனல் பண்ணி, ஆறுதலாகக் காட்டி, அரச கிளினிக்கில் தொடர ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மாதாமாதம் மருந்துக்காக மட்டும் செனல் கட்டணம் கட்டுவது வீண்.

தனியார் உளவளத்துணை: நேரிலா, ஒன்லைனிலா

இங்கே ஓர் அமர்வு பொதுவாக 45 முதல் 50 நிமிடம். சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) போன்ற முறைகளுக்கு 6 முதல் 20 அமர்வுகள் வரை செல்லும். ஆகவே ஒரு தடவைக் கட்டணத்தை வைத்து முடிவெடுக்காமல் எட்டால் பெருக்கிப் பாருங்கள்.

கணக்குக்காக, கண்டியில் ஓர் அமர்வு 4,000 ரூபாய், போய்வர 800 என்று வைப்போம். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350. அந்த ஒரு பேரையும் சேர்த்தால் 6,150. எட்டுத் தடவைக்கு 49,200. ஒன்லைனில் 5,000 கேட்கும் ஒருவரிடம், கொழுந்து நிறுத்துக் கொடுத்த பிறகு மாலையில் பேசினால் எட்டுத் தடவைக்கு 40,000, அதோடு டேட்டா. கட்டணப் பட்டியலில் ஆயிரம் ரூபாய் கூடத் தெரிபவர் முடிவில் 9,000 ரூபாய் அளவு குறைவாக வருகிறார்.

ஆனால் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒன்லைன் சுலபமில்லை. ஒரு காம்பிராவில் (அறையில்) பேசுவது அடுத்த காம்பிராவுக்குக் கேட்கும். வீட்டில் ஆள் இருக்கும்போது கணவனைப் பற்றியோ மாமியாரைப் பற்றியோ வாய் திறக்க முடியாது. வெளியே போய்ப் பேசலாம் என்றால் சிக்னல் கிடைக்கும் மேட்டில் மழை. ஸூமில் இருவர் முகம் பார்த்துப் பேசினால் மணிக்கு அரை ஜிபியிலிருந்து ஒன்றரை ஜிபி வரை போகும். குரல் மட்டும் என்றால் அதில் சிறு பங்குதான், மங்கலான சிக்னலிலும் எளிதில் அறுந்துபோகாது. ஆகவே நேரம் ஒதுக்குமுன்னே கேளுங்கள்: குரல் மட்டும் போதுமா? இடையில் லைன் போனால் யார் திரும்ப எடுப்பது? இழந்த நிமிடங்களைக் கடைசியில் சேர்த்துத் தருவாரா? நல்ல உளவளத்துணையாளர் இதற்கெல்லாம் பதில் வைத்திருப்பார். தனிமை கிடைக்காத வீட்டிலிருப்பவர், செலவு கூடினாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நேரில் போவதே எங்கள் பார்வையில் மேல்.

உங்களுக்குத் தமிழ் மட்டுமே இயல்பென்றால் தமிழில் பேசுபவருக்கே காசு கொடுங்கள். மொழிபெயர்ப்போடு நடக்கும் 50 நிமிடத்தில் உங்களுக்கு மிஞ்சுவது 25. மருந்து எழுத வைத்தியரால் மட்டுமே முடியும். உளவளத்துணையாளர் "மருந்தை நிறுத்துங்கள்" என்று சொன்னால் கேட்காதீர்கள். மனச்சோர்வுக்கு எடுக்கும் மாத்திரையைத் திடீரென விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வரலாம். அதைப் பழைய நோய் திரும்பிவிட்டது என்று எண்ணிப் பயப்படுபவர் பலர். மருந்து அரச கிளினிக்கில், பேச்சு தனியாரிடம் என்று பிரித்துக்கொள்வதுதான் பெரும்பாலானோருக்குக் கட்டுப்படியாகும். இருவருக்கும் மற்றவரைப் பற்றிச் சொல்லிவிடுங்கள், கிளினிக் கொப்பியைக் கையில் கொண்டுபோங்கள். எங்கே படித்தார், எத்தனை வருடம் பார்க்கிறார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று உளவளத்துணையாளரிடம் கேட்பதில் தப்பில்லை.

தடவைக்குத் தடவையா, மொத்தமாகவா

"ஐந்துக்குக் கட்டினால் ஆறாவது இலவசம்" என்பது கவர்ச்சியான பேச்சு. மேலே சொன்ன 4,000 ரூபாய் விலையில் 20,000 கட்டுகிறீர்கள். மூன்று அமர்வோடு நின்றால்? மீதியைத் தரமாட்டேன் என்பவரிடம் ஓர் அமர்வு உங்களுக்கு 6,667 ரூபாய் விழுந்திருக்கும். பயன்படுத்தியதை முழு விலையில் கழிப்பவர் 12,000 எடுத்துக்கொண்டு 8,000 திருப்பித் தருவார், அது நியாயம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சிலரிடம் இருக்கும். முதல் இரண்டு அமர்வுக்குத் தனித்தனியாகக் கட்டி, ஆள் ஒத்துவருகிறாரா என்று பார்த்த பிறகு மொத்தமாகக் கட்டுவதைப் பற்றி யோசியுங்கள். வருமானத்துக்கேற்பக் குறைத்து வாங்குபவர்களும் உண்டு. கேட்காதவருக்கு அது தெரியவராது.

கம்பனிக் காப்புறுதி இருந்தால், வார்டில் தங்காமல் பெறும் சிகிச்சைக்குத் தனி வரம்பு இருக்கிறதா, மனநல ஆலோசனை விலக்குப் பட்டியலில் இருக்கிறதா, வைத்தியரின் கடிதம் வேண்டுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பெயர், திகதி, தொகை, கையொப்பம் உள்ள பற்றுச்சீட்டு ஒவ்வொரு தடவையும் வேண்டும். வட்ஸ்அப்பில் "காசு கிடைத்தது" என்று வரும் செய்தியை வைத்துக் காப்புறுதிப் பணம் கேட்க முடியாது.

கையொப்பமிடுமுன் விதிகளில் பார்க்க வேண்டியவை

இரத்துசெய்யும் விதி முதலாவது. 24 மணிநேரத்துக்கு முன் சொன்னால் கட்டணமில்லை, பிந்தினால் பாதி, சொல்லாமல் விட்டால் முழுதும் என்பது பரவலான முறை. சிலர் 48 மணிநேரம் கேட்பார்கள். நாளைக்கு வேலையா இல்லையா என்பது பிரட்டுக்களத்தில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில்) தெரியவரும் குடும்பத்துக்கு அது ஒத்துவராது. மண்சரிவு இன்னொரு விஷயம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டுப் பாதைகளும் ரயில் பாதையும் அடைபட்டன. அப்படியான நாளில் கட்டணம் அறவிடுவாரா, அதே நேரத்தைத் தொலைபேசிக்கு மாற்றுவாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிந்திப்போனால் பொதுவாக நிமிடம் குறையும், காசு குறையாது. ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போகிறவர் ஒரு பஸ் முன்னதாக ஏறுவதுதான் வழி.

அடுத்தது இரகசியம். கட்டாரில் இருக்கும் மகனோ கொழும்பில் வேலைசெய்யும் மகளோ காசு கட்டும் வீடுகள் நிறைய. காசு கட்டுபவருக்குப் பற்றுச்சீட்டு போகலாம்; பேசியது போகக் கூடாது. உயிருக்கு ஆபத்து, சிறுவர் துஷ்பிரயோகம், நீதிமன்றக் கட்டளை போன்றவற்றில் மட்டும் இரகசியம் உடைபடும் என்று விதியில் இருக்கிறதா பாருங்கள். வீட்டுக்கு ஒரே கைத்தொலைபேசி என்றால் நினைவூட்டல் செய்தியில் "உளவளத்துணை" என்று எழுத வேண்டாம், நேரத்தை மட்டும் அனுப்புங்கள் என்று சொல்லிவைக்கலாம். வங்கியில் காசு மாற்றும்போதும் குறிப்புப் பெட்டியில் முதலெழுத்து போதும்.

கடைசியாக, அமர்வுக்கு வெளியே எப்போது தொடர்புகொள்ளலாம் என்ற விதி. பெரும்பாலான தனியார் உளவளத்துணையாளர்கள் இரவில் பதில் தருவதில்லை. செய்திக்கு ஓரிரு வேலைநாளில் பதில் என்று எழுதியிருப்பார்கள். நள்ளிரவில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அவர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் 24 மணிநேரமும் இயங்கும். ஆளை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். கூப்பிடும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும், பிரதான பாதையிலிருந்து எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.