ஒரு ரூபாய்க் காசு அளவு பேட்டரி

"அத்தான், உங்க கடையில ஓடுதுல்லா, அதே மாடல் கம்ப்யூட்டர் செகண்ட் ஹேண்ட்ல வருது. வாங்கலாமா?" என்று மச்சினன் போனில் கேட்டான்.

மெஷினைக் குறை சொல்ல முடியாது. சேரன்மகாதேவியில் என் ஜெராக்ஸ் கடையில் 7 வருடமாக ஓடுகிறது. பட்டா, சிட்டா எடுக்க எவ்வளவு கூட்டம் வந்தாலும் திணறியதே இல்லை.

ஐப்பசியில் மலைப் பக்கம் இடி பலமாக இருக்கும். அதனால் இரவில் சுவர் சுவிட்சையே அணைத்துவிடுவது என் வழக்கம். சுவிட்ச் போட்டிருந்தால், கணினி ஓடாதபோதும் உள்ளிருக்கும் கடிகாரத்துக்குக் கரன்ட் போகும். அணைத்துவிட்டால் மதர்போர்டில், அதாவது கணினியின் முதன்மைப் பலகையில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரிதான் தாங்க வேண்டும். 3 வோல்ட், ஒரு ரூபாய்க் காசு அளவு.

அது சோர்ந்ததும் தேதி 2018க்குப் போனது. தேதி தப்பென்றால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழை பிரவுசர் ஏற்காது. ஒரு தளமும் திறக்கவில்லை. ஒரு வாரம் தினமும் தேதியைத் திருத்திவிட்டு, அப்புறம் பேட்டரியை மாற்றினேன். நீலத் திரை வந்தது. விண்டோஸ் வரவில்லை.

ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் காட்டினால், "டிஸ்க் போச்சு, ஃபார்மட் அடிக்கணும்" என்றார்கள். கடைக் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. மனசு கேட்காமல் பஸ்ஸில் திரும்பக் கொண்டுவந்தேன்.

அன்று இரவு எஃப்2 அழுத்தி, விண்டோஸ் வருவதற்கு முன்பே கணினியை எழுப்பும் பயாஸின் செட்டிங்குக்குள் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். டிஸ்க்கோடு கணினி பேசும் முறையைச் சொல்லும் சாட்டா மோட் என்ற வரியில் ரெய்டு என்று இருந்தது. 4 வருடம் முன்பு எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்டு விண்டோஸ் ஏற்றியபோது அதை ஏஎச்சிஐ என்ற இன்னொரு முறைக்கு மாற்றியிருந்தோம். பேட்டரியைக் கழற்றியதும் கம்பெனி செட்டிங்குக்கே திரும்பியிருக்கிறது. ஏற்றிய முறை மாறினால் விண்டோஸுக்கு டிஸ்க் பிடிபடாது. அந்த ஒரு வரியை மாற்றி, எஃப்10 அழுத்தி சேவ் செய்தேன். விண்டோஸ் வந்துவிட்டது. ஒரு ஃபைல்கூடப் போகவில்லை.

எனக்குக் கோபம் இதில்தான். பேட்டரி மாற்றிய அன்று திரையில் வந்தது, நேரம் செட் செய்யவில்லை, தொடர எஃப்1 அழுத்தவும் என்பது மட்டுமே. மற்ற செட்டிங்கும் அழிந்துவிட்டது என்று ஒரு வரி சொல்லியிருக்க வேண்டாமா? சாட்டா வரிக்குப் பக்கத்தில் விளக்கம் இருக்கிறது. மாற்றினால் விண்டோஸ் எழும்பாது என்ற எச்சரிக்கை அதில் இல்லை. விஷயம் தெரியாதவர் ஃபார்மட் அடித்து எல்லாவற்றையும் இழந்திருப்பார்.

இப்போது பயாஸின் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். சாட்டா வரியை மட்டும் தாளில் எழுதி கேபினட்டின் உள்பக்கம் ஒட்டியாயிற்று.

மச்சினனிடம் வேண்டாம் என்றேன்.

"7 வருசம் ஓடியிருக்கே அத்தான்?"

"ஓடும். இன்னும் 7 வருசமும் ஓடும். நீ வாங்காதலே."