டிராம் வண்டியில் தொடங்கிய கேள்வி: ஒரு சமூகவியல் மாலை வகுப்பைப் பற்றி

நவீனச் சமூகங்களில் வாழ்க்கை ஏன் பொருளற்றதாகத் தோன்றுகிறது என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு ஆறு சனிக்கிழமைகள் நடந்த சமூகவியல் மாலை வகுப்பில் அண்மையில் கலந்துகொண்டேன். மன ஆறுதல் தேடி வந்தவர்களும் இருந்தார்கள். இங்கே விளக்கம் மட்டுமே கிடைக்கும் என்று ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த நேர்மை பிடித்திருந்தது.

வகுப்பின் உயிர்நாடி ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபருக்கு ஒதுக்கிய இரண்டு வாரங்கள்தாம். 1917 நவம்பர் 7 அன்று மியூனிக் நகர மாணவர்களிடையே அவர் ஆற்றிய 'அறிவியல் ஒரு வாழ்க்கைப்பணி' (Science as a Vocation) என்ற உரையில் வரும் டிராம் வண்டிக்கே ஒரு மாலை முழுவதும் கழிந்தது. அதில் ஏறிச் செல்பவருக்கு அது எப்படி ஓடுகிறது என்று தெரியாது. ஆதிகுடி மனிதர் தம் கருவிகளை அறிந்திருந்த அளவுகூட நாம் நம்முடையவற்றை அறியோம். ஆயினும், விரும்பினால் அறிந்துகொள்ளலாம், எதையும் கணக்கிட்டு வசப்படுத்தலாம் என்று நம்புகிறோம். உலகின் மாயம் கலைந்துவிட்டது என்று வேபர் கூறியது இதைத்தான். பேருந்துப் பணிமனையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், "பழைய வண்டியின் கோளாறை ஓசையிலேயே சொல்லிவிடுவேன், இப்போது கணினியை மாட்டினால்தான் தெரிகிறது" என்றபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. எதையும் செய்யும் வழியைக் காட்டும் அறிவியல், எதற்காக வாழ்வது என்பதற்கு விடை தராது என்ற வேபரின் வாதம் அதன்பின் எளிதாக விளங்கியது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் பற்றிய பகுதியும் நன்று. பொருளாதார வீழ்ச்சியின்போது மட்டுமல்லாமல் திடீர்ச் செழிப்பின்போதும் தற்கொலைகள் கூடுவதை அவர் 1897இல் வெளியிட்ட ஆய்வில் சுட்டினார். ஆசைக்கு வரம்பு கட்டும் சமூக நெறிகள் தளர்ந்தால் எது கிடைத்தாலும் போதாமல் போகும் என்பது அவர் கண்ட காரணம். வெறுமையை என் சொந்தக் குறையாகவே எண்ணிவந்த எனக்கு இந்த விளக்கம் பெரிதும் உதவியது.

குறை, மற்றொரு ஜெர்மானியச் சமூகவியலாளரான கியோர்க் சிம்மலை அரைமணி நேரத்தில் முடித்தது. பெருநகரத்தின் ஓயாத தூண்டல்களிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள நகரவாசி எதிலும் மனம் தோயாதவனாகிறான், பணம் எல்லாத் தரங்களையும் 'என்ன விலை' என்பதாகச் சுருக்குகிறது என்று 1903இலேயே எழுதியவருக்கு ஒரு சனிக்கிழமையாவது தந்திருக்க வேண்டும். ஜெராக்ஸ் தாள்களில் வலது ஓரச் சொற்கள் வெட்டுப்பட்டிருந்ததும் எரிச்சலூட்டியது.

1,500 ரூபாய்க் கட்டணம் நியாயமானதே. அடுத்த முறை சேர விரும்புவோர் வேபரின் உரையை ஒருமுறை வாசித்துவிட்டுச் செல்லுங்கள்; ஆசிரியர் அதை வரிவரியாக நிறுத்தி நடத்துகிறார்.