டர்போ வென்டிலேட்டருக்கு எந்த பேஸ்?

கூரை மேல் காற்றில் சுழன்று உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றும் இந்த வென்டிலேட்டர் வைத்த இடத்தில் ஒழுகினால் எல்லோரும் ஃபேனைத் திட்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் அடியில் அதைத் தாங்கிக் கூரையோடு இணைக்கும் பேஸில்.

கான்கிரீட் தளத்தில் யோசிக்க அதிகமில்லை. துவாரத்தைச் சுற்றிச் செங்கல் கட்டு, மூலையில் சிமென்ட் கலவையால் சாய்வு, வாட்டர்ப்ரூஃப் பூச்சு கட்டின் உச்சி வரை. உயரம் குறைந்தது 200 மி.மீ.; அதைத் தட்டோடு பதித்த பின் இருக்கும் தளத்திலிருந்து அளக்கணும்.

கலர் ஷீட்டில்தான் போட்டி. தட்டையான ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) பேஸ் விலை குறைவு, எந்தப் பட்டறையிலும் மடித்துத் தருவார்கள். ஆனால் தகட்டுக்கு அடியில் ஷீட்டின் ஒவ்வொரு பள்ளமும் திறந்த வாய். ஃபோமும் சிலிக்கானும் வைத்து அடைப்பார்கள். 30 மீட்டர் ஸ்டீல் ஷீட் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 14 மி.மீ. நீளும், தினமும் இப்படி இழுபட்டால் சிலிக்கான் உரியாமல் என்ன செய்யும்? அதிலும் வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கான் துத்தநாகப் பூச்சையே அரிக்கும். நியூட்ரல் வகைதான் வாங்கணும்.

அதனால் என் ஓட்டு, ஷீட்டின் மேடுபள்ளத்துக்கு ஏற்றபடி வார்த்த எஃப்ஆர்பி (கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக்) பேஸுக்கு. கடலோர உப்புக் காற்றில் துருவும் பிடிக்காது. ஆனால் வெயிலில் மேல்பூச்சு தேய்ந்து நார் தெரியும். அது எத்தனை வருஷத்தில் என்பது வார்ப்பின் தரத்தைப் பொறுத்தது.

எந்த பேஸானாலும் தோற்பது முகட்டுப் பக்க விளிம்பில்தான். இறங்கி வரும் தண்ணீர் அங்கே முட்டி நிற்கும், சருகும் சேரும். அந்த விளிம்பு மேலேயுள்ள ஷீட்டுக்கு அடியில் போகணும். கீழ் விளிம்பு ஷீட்டுக்கு மேலே வரணும். ஷீட் முகடு வரை ஒரே நீளமென்றால், முகட்டை மூடும் ரிட்ஜ் தகட்டுக்கு அடியிலிருந்து ஒரு தட்டைத் தகடு இறக்கி, பேஸின் மேல் 150 மி.மீ. ஏறும்படி விடலாம். அதன் இரு ஓரங்களும் மேட்டில் முடியணும், பள்ளத்தில் அல்ல. ஃபேனை முகட்டை ஒட்டி வைக்கச் சொல்வது இதற்காகவும்தான். பேஸுக்கும் ஷீட்டுக்கும் இடையில் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை), ஸ்க்ரூ மேட்டில் மட்டும். வாஷர் பிதுங்கும் அளவு முறுக்கினால் அதுவே ஓட்டை.

சிமென்ட் ஷீட்டின் அலை 146 மி.மீ. இடைவெளி, கலர் ஷீட் பேஸ் உட்காராது. பழைய ஆஸ்பெஸ்டாஸை கிரைண்டரால் அறுக்கவே கூடாது, தூசி நுரையீரலுக்கு ஆபத்து. ஒரு ஷீட்டை முழுசாகக் கழற்றி, பேஸோடு சேர்த்து வார்த்த எஃப்ஆர்பி ஷீட்டைப் போடலாம். மேல் விளிம்பு தானாகவே அடுத்த ஷீட்டுக்கு அடியில் போய்விடும். கழற்றும்போது ஷீட்டை நனைத்துக்கொள்ளணும்; ஏறுபவர் ஷீட்டில் கால் வைக்காமல் பலகை போட்டு நடக்கணும்.